பீடுடைய மார்கழி

பன்னிரு மாதங்களுள் இறைவழிபாட்டிற்கென்றே ஒதுக்கப்பெற்ற பெருமையுடையது மார்கழி. கீதையின் பத்தாம் அத்தியாயத்தில் கண்ணபிரான் தன் விபூதிகளை விரித்துரைக்கும்போது, மாதங்களுள் தானே மார்கழியாக இருப்பதாக அருச்சுனனுக்கு அருளுகின்றான். அத்தகைய மாதத்தை நம் நாட்டில் சிலர் ஆகாத மாதம் என்றும், பீடை மாதம் என்றும் சொல்லி ஒதுக்குவதும் உண்டு. இறைவன் தன் வடிவாகவே கொண்ட ஒரு மாதம் எவ்வாறு ஆகாத மாதமாகும்? இவ்வினாவிற்கு விடை காண, மார்கழியின் தோற்றத்தையும், சின்னங்களையும், அம்மாதம் கண்ட வரலாற்றையும் அறிந்துகொள்ளுதல் நலம்.

பெயரின் தோற்றம்

எந்த விண்மீனை ஒட்டி முழுநிலவு அமைகின்றதோ, அந்த விண்மீனின் பெயரால் மாதத்தைச் சுட்டுவது பழைய மரபு. சித்திரை மீனை ஒட்டிப் பௌர்ணமி அமையும் மாதம் சித்திரை. விசாகத்தை ஒட்டி அமைவது வைகாசி. அவ்வாறே மிருகசீரிட மீனை ஒட்டிப் பௌர்ணமி அமையும் மாதம் வடமொழியில் மார்கசீர்ஷம் எனப்பட்டது; அச்சொல்லே தமிழில் மார்கழி என வழங்குகின்றது. மிருகசீரிடம் என்பதற்கு மானின் தலை என்பது பொருள். அதற்கு அடுத்த மீனே திருவாதிரை. ஆகவே மார்கழிப் பௌர்ணமி சில ஆண்டுகளில் மிருகசீரிடத்திலும் சில ஆண்டுகளில் திருவாதிரையிலும் கூடுகின்றது.

தமிழகத்தில் வழங்குவது சூரியனின் இயக்கத்தைக் கொண்ட சௌரமான முறை. இம்முறையில் சூரியன் தனுசு ராசியில் சஞ்சரிக்கும் காலம் மார்கழி. தனுர் மாதம் என்னும் பெயர் இதனால் வந்தது. ஆங்கில ஆண்டுக் கணக்கில் டிசம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி நடுவில் இது நிறைவுறும்.

மார்கழி 29 நாட்களோ 30 நாட்களோ கொண்டதாக அமையும். ஆனி மாதமோ சில ஆண்டுகளில் 32 நாட்கள் வரை நீளும். பூமி சூரியனைச் சுற்றும் பாதை முழு வட்டமன்று. ஜனவரித் தொடக்கத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவதால் விரைந்து செல்கின்றது. சூரியனும் தனுசு ராசியை விரைவில் கடப்பதாகத் தோன்றுகின்றது. மாதத்திற்கு இத்தனை நாள் என்று பஞ்சாங்கம் காட்டுவது ஏதோ மரபாக வந்த எண் அன்று. வானத்தை உற்று நோக்கிய கணிதத்தின் பயன். மார்கழி 29 நாட்களாக அமையும் ஆண்டுகளில், திருப்பாவையின் நிறைவுப் பாசுரங்கள் இரண்டினையும் கடைசி நாளில் சேர்த்துச் சேவிக்கும் வழக்கம் உண்டு.

தேவர்களின் வைகறை

மனிதர்க்கு ஓராண்டு, தேவர்க்கு ஒரு நாள் என்பது சாத்திரம். தை முதல் ஆனி வரையுள்ள உத்தராயணம் அவர்களுக்குப் பகல். ஆடி முதல் மார்கழி வரையுள்ள தட்சிணாயனம் இரவு. 24 மணி நேரத்தைப் பன்னிரு மாதங்களுக்குப் பகிர்ந்தால் ஒரு மாதத்திற்கு இரண்டு மணி நேரம் ஆகின்றது. தை பிறக்கும் வேளை தேவர்களுக்குக் காலை ஆறு மணி எனின், அதற்கு முற்பட்ட மார்கழி அவர்களுக்கு நான்கு மணி முதல் ஆறு மணி வரையான வைகறைப் பொழுதாகும். அதுவே பிரம்ம முகூர்த்தம் எனப் போற்றப்படும் வேளையை உள்ளடக்கியது.

தில்லை நடராசப் பெருமானுக்கு ஆண்டில் ஆறு முறை மட்டுமே மகாபிஷேகம் நடைபெறுவதன் உட்பொருளும் இக்கணக்கினால் விளங்கும். மார்கழித் திருவாதிரை வைகறை வழிபாடு. மாசிச் சதுர்த்தசி காலசந்தி. சித்திரைத் திருவோணம் உச்சிக்காலம். ஆனி உத்திரம் சாயரட்சை. ஆவணிச் சதுர்த்தசி இரண்டாம் காலம். புரட்டாசிச் சதுர்த்தசி அர்த்தசாமம். திருக்கோயிலில் ஒரு நாளில் நிகழும் ஆறு கால பூசைகளே இங்கு ஓராண்டில் விரிந்து நிற்கின்றன. அவ்வாண்டின் முதல் பூசை மார்கழியில் அமைவது கருதத்தக்கது.

சூரியன் வடக்கு நோக்கித் திரும்பும் நாள் இக்காலத்தில் டிசம்பர் 21 அல்லது 22-இல் நிகழ்கின்றது. தை முதல் நாளோ ஜனவரி நடுவில் வருகின்றது. ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன் இவ்விரண்டும் ஒரே காலத்தில் அமைந்திருந்தன. பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் இவ்வேறுபாடு சிறிது சிறிதாக வளர்ந்துள்ளது.

பீடையா, பீடா?

மார்கழியில் திருமணம், புதுமனை புகுதல் முதலிய சுப நிகழ்ச்சிகளை நடத்துவதில்லை. இதனைக் கண்டே பீடை மாதம் என்னும் தவறான எண்ணம் பரவியது. பீடு என்பது பெருமையைக் குறிக்கும் தமிழ்ச்சொல். பீடை என்பது துன்பத்தைக் குறிக்கும் வடசொல். ஒலியால் நெருங்கிய இவ்விரு சொற்களும் பொருளால் மிகவும் விலகியவை. பீடுடைய மாதம் என்பதே மருவிப் பீடை மாதம் ஆயிற்று எனப் பெரியோர் விளக்கம் கூறுவது வழக்கம்.

வீட்டு நிகழ்ச்சிகளைத் தள்ளிவைத்ததன் காரணம் வேறு. ஒரு வீட்டில் திருமணம் என்றால் உற்றார் உறவினர் யாவரும் அதன் பணிகளில் மூழ்கிவிடுவர். விடியுமுன் நீராடித் திருக்கோயில் செல்லுதல், பாவைப் பாடல்களை ஓதுதல், விரதம் காத்தல் ஆகியவற்றிற்கு அப்போது இடமிராது. ஆகவே ஆண்டில் ஒரு மாதத்தையேனும் முழுமையாக இறைவனுக்கு உரியதாக்க வேண்டும் என்று முன்னோர் வகுத்தனர். உழவுத் தொழிலை நோக்கினும் இது பொருந்துவதே. சம்பா நெல் கதிர் முற்றி நிற்கும் காலம் இது. அறுவடை முடிந்து களஞ்சியம் நிறைந்தபின், தை பிறந்ததும் மங்கல நிகழ்ச்சிகள் தொடங்குகின்றன. ஒதுக்கிய மாதம் என்பதற்கும் ஒதுக்கப்பட வேண்டிய மாதம் என்பதற்கும் உள்ள வேறுபாட்டை உணர்தல் வேண்டும்.

மார்கழி வைகறையில் ஓசோன் காற்று மிகுதியாக இறங்குவதால் உடலுக்கு நலம் என்று சொல்லப்படுவதும் உண்டு. இது அறிவியலுக்குப் பொருந்தாது. ஓசோன் வானின் உயரத்தில் நின்று காக்குமேயன்றி, நிலத்தருகே சுவாசிக்கப்படின் நுரையீரலுக்குத் தீங்கே செய்யும். வைகறைத் துயிலெழுதலின் நன்மை புலன்களை ஒழுங்குபடுத்துவதிலும், அமைதியான பொழுதில் மனத்தை ஒருமுகப்படுத்துவதிலும் உள்ளது. இந்நோன்பின் பெருமைக்குப் பொய்யான துணை எதுவும் தேவையில்லை.

பாவை நோன்பின் தொன்மை

மார்கழி நீராட்டு சங்க காலத்திலேயே வேரூன்றியது. வையையைப் பாடும் பரிபாடலின் பதினோராம் பாடல், ஆதிரை நாளில் அந்தணர் விழாத் தொடங்கியதையும், மகளிர் தாயருடன் கூடி அம்பா ஆடல் ஆடியதையும் விவரிக்கின்றது. நற்றிணை, ஐங்குறுநூறு, கலித்தொகை முதலிய நூல்களில் இதுவே தைந்நீராடல் எனக் குறிக்கப்படுகின்றது. ஒரு நீராட்டிற்கு இரு மாதப் பெயர்கள் எவ்வாறு வந்தன? மார்கழித் திருவாதிரையில் தொடங்கித் தை மாதத்தில் நிறைவுறும் ஒரே நோன்பே இவ்விரு பெயர்களாலும் வழங்கியது என ஆராய்ச்சி அறிஞர் மு. இராகவையங்கார் விளக்கியுள்ளார்.

நல்ல கணவனை வேண்டுதல் இந்நோன்பின் ஒரு நோக்கம். நாடு செழிக்க மழை வேண்டுதல் மற்றொரு நோக்கம். தன் வாழ்வை வேண்டும் கன்னியர் அதனோடு நாட்டின் வாழ்வையும் சேர்த்தே வேண்டினர் என்பது எண்ணி மகிழத்தக்கது.

இரு பாவைகள்

இப்பழைய நோன்பிற்குப் பக்தி வடிவம் தந்த நூல்கள் இரண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் நாச்சியார் அருளிய திருப்பாவை 30 பாசுரங்கள் கொண்டது. மாணிக்கவாசகர் திருவண்ணாமலையில் அருளியதாகப் போற்றப்படும் திருவெம்பாவை 20 பாடல்கள் கொண்டது. அவர் திருப்பெருந்துறையில் அருளிய திருப்பள்ளியெழுச்சிப் பாடல்கள் பத்தினையும் சேர்த்துச் சைவத் திருக்கோயில்களில் முப்பதாக ஓதுவர்.

ஆண்டாளின் காலத்தை அறிய, திருப்பாவையின் பதின்மூன்றாம் பாசுரம் ஒரு வானியல் குறிப்பைத் தருகின்றது. வைகறையில் வெள்ளி எழுவதும் வியாழன் மறைவதும் ஒருங்கே நிகழ்ந்ததாக அப்பாசுரத்தால் அறிகின்றோம். இக்குறிப்பைக் கொண்டு மு. இராகவையங்கார் கி.பி. 731ஆம் ஆண்டு எனக் கணித்தார். ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த வேறு ஆண்டுகளைக் கூறிய அறிஞரும் உளர்.

இவ்விரு நூல்களிலும் கன்னியர் ஒருவரையொருவர் துயிலெழுப்பிச் செல்கின்றனர். திருப்பாவையில் ஆறு முதல் பதினைந்து வரையுள்ள பாசுரங்களில் பத்துப் பெண்கள் எழுப்பப்படுகின்றனர். திருவெம்பாவையின் முதல் எட்டுப் பாடல்களும் தோழியரை எழுப்புவனவே. முதலில் எழுந்தவள் தனியே சென்று இறைவனைத் தொழுதுவிடவில்லை. உறங்குபவளின் வாயிலில் நின்று, அவளும் வந்தபின்னரே அடுத்த வாயிலுக்குச் செல்கின்றாள். இறையனுபவம் கூடியிருந்து பெற வேண்டியது என்னும் உண்மையை இக்காட்சி உணர்த்துகின்றது.

நோன்பின் விதிகளை ஆண்டாள் இரண்டாம் பாசுரத்தில் தொகுத்துரைக்கின்றாள். நெய்யும் பாலும் நீக்குதல், மையும் மலரும் துறத்தல் ஆகியவற்றோடு, தகாதன செய்யாமையும், பிறர்மீது கோள் சொல்லாமையும், வறியவர்க்கும் துறவியர்க்கும் இயன்ற அளவு கொடுத்தலும் அங்கு விதிக்கப்படுகின்றன. உணவை மட்டும் குறைத்து, நாவைக் காவாது விடுவோர் நோன்பின் பாதியையே நோற்றவராவர்.

உடையவர் இராமானுசர் திருப்பாவையில் கொண்ட ஈடுபாட்டினால் திருப்பாவை ஜீயர் எனப் பெயர் பெற்றார். திருமலையில் நாள்தோறும் ஒலிக்கும் சுப்ரபாதத்திற்கு மாற்றாகத் தனுர் மாதத்தில் திருப்பாவையே ஓதப்படுகின்றது.

மார்கழியின் சின்னங்கள்

கோலமும் பூசணிப்பூவும்: சாணம் தெளித்த வாயிலில் அரிசி மாவினால் இடும் கோலம், எறும்பு முதலிய சிற்றுயிர்களுக்கு உணவாகின்றது. அன்றைய நாளின் முதல் தருமம் அதுவே. கோலத்தின் நடுவே சாண உருண்டையைப் பிள்ளையாராகப் பாவித்து அதன்மேல் பூசணிப்பூவைச் சூட்டுவர். தென் மாவட்டங்களில் இவ்வுருண்டைகளை நாள்தோறும் எருவாகத் தட்டிச் சேர்த்துவைத்து, தை மாதத்தில் சிறுவீட்டுப் பொங்கல் அன்று சிறுமியர் ஆற்றில் கரைக்கும் வழக்கம் உண்டு. மார்கழி நோன்பு தையில் நீர்த்துறையில் நிறைவுறும் பழைய மரபின் எச்சத்தை இதில் காணலாம்.

திருவாதிரைக் களி: விறகு விற்று வாழ்ந்த சேந்தனார், நாள்தோறும் ஓர் அடியார்க்கு உணவளித்தபின்னரே உண்ணும் நியமம் உடையவர். பெருமழையால் விறகு விலைபோகாத ஒரு நாளில், வீட்டிலிருந்த மாவைக் களியாகக் கிளறி, வந்த அடியார்க்குப் படைத்தார். மறுநாள் தில்லைக் கருவறையில் களி சிதறிக் கிடக்கக் கண்டு, வந்தவர் கூத்தப் பெருமானே என்பதை உலகம் அறிந்தது. அசையாது நின்ற தேர் ஓடும்படி அவர் பாடிய திருப்பல்லாண்டு, ஒன்பதாம் திருமுறையில் 13 பாடல்களாக அமைந்துள்ளது. அந்த எளிய களியே இன்றும் ஆதிரை நாளின் சிறப்பு நிவேதனம்.

அக்காரவடிசில்: திருப்பாவையின் இருபத்தேழாம் பாசுர நாள் கூடாரவல்லி எனக் கொண்டாடப்படுகின்றது. நோன்பில் நீக்கிய நெய்யும் பாலும் அன்று அக்காரவடிசிலாக மீண்டும் வருகின்றன. திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் சமர்ப்பிப்பதாக ஆண்டாள் கொண்ட எண்ணத்தைப் பின்னாளில் இராமானுசர் நிறைவேற்றினார் என்பது வைணவ மரபு. அதனால் ஆண்டாள் அவரைத் தன் அண்ணனாக ஏற்றாள் என்பர்.

ஆதிரை நாள்

திருவாதிரை சிவபெருமானுக்குரிய மீன். மேலைநாட்டார் பெட்டல்ஜூஸ் என வழங்கும் இவ்விண்மீன் செந்நிறமாக ஒளிர்வது. சூரியனைப் போலப் பல நூறு மடங்கு குறுக்களவு கொண்டது. மார்கழியில் மாலை மயங்கியதும் கிழக்கு வானில் இதனைக் காணலாம். 2019ஆம் ஆண்டின் இறுதியில் இம்மீனின் ஒளி குன்றத் தொடங்கி, 2020 பிப்ரவரியில் வழக்கமான ஒளியில் பாதிக்கும் கீழாகியது. அம்மீன் வெளியிட்ட பொருள் தூசுப்படலமாகி மறைத்ததே காரணம் என அறிவியலார் கண்டறிந்தனர். சில மாதங்களில் ஆதிரை பழைய ஒளியைப் பெற்றது.

திருவாரூரில் நடைபெற்ற ஆதிரைத் திருவிழாவின் சிறப்பைத் திருநாவுக்கரசர், திருப்புகலூரில் திருஞானசம்பந்தருக்குத் திருவாதிரைப் பதிகமாக எடுத்துரைத்தார். சம்பந்தர் மயிலையில் அருளிய பூம்பாவைப் பதிகத்திலும் அவ்வூரின் திருவிழாக்களுள் ஒன்றாக ஆதிரை நாள் இடம்பெறுகின்றது. ஏழாம் நூற்றாண்டிலேயே இவ்விழா ஊர்தோறும் பெருவிழாவாக விளங்கியமை இவற்றால் தெளிவாகும்.

சிதம்பரத்தில் பத்து நாள் விழாவின் ஒன்பதாம் நாளில் மூலவராகிய நடராசப் பெருமானே சிவகாமியம்மையுடன் தேரில் எழுந்தருளுகின்றார். கருவறை மூர்த்தியே வீதிக்கு வருவது அத்தலத்தின் தனிச்சிறப்பு. பத்தாம் நாள் வைகறையில் ஆயிரக்கால் மண்டபமாகிய இராசசபையில் மகாபிஷேகமும், பின்னர் ஆருத்ரா தரிசனமும் நிகழ்கின்றன. உத்தரகோசமங்கையில் மரகத நடராசர் திருமேனியின் சந்தனக்காப்பு ஆண்டுதோறும் இவ்விழாவை ஒட்டிக் களையப்பட்டு, மீண்டும் சாத்தப்படுகின்றது.

திருவரங்கத்து ஏகாதசி

மார்கழி வளர்பிறை ஏகாதசியில் திருமால் தலங்களில் பரமபத வாசல் திறக்கப்படுகின்றது. திருவரங்கத்தில் இதற்கு முன்னர்ப் பகல்பத்தும், இதிலிருந்து இராப்பத்தும் நடைபெறும். திருவாய்மொழிக்கென இவ்விழாவைத் திருமங்கையாழ்வார் தொடங்கினார் என்றும், இடையில் மறைந்த பாசுரங்களை மீட்ட நாதமுனிகள் நாலாயிரத்தையும் இவ்விழாவில் ஓதச் செய்தார் என்றும் குருபரம்பரை கூறும். பாசுரங்களை இசையோடும் அபிநயத்தோடும் அரையர்கள் சேவிப்பது இன்றும் தொடர்கின்றது.

இவ்விழா எளிதில் நம் கைக்கு வந்ததன்று. 1323ஆம் ஆண்டில் டில்லிப் படையெடுப்பின்போது, பிள்ளை உலகாசிரியர் உள்ளிட்ட அடியார்கள் நம்பெருமாளை எடுத்துக்கொண்டு அரங்கத்தை விட்டு வெளியேறினர். திருமேனி ஊர் ஊராகச் சென்று மறைந்து வாழ்ந்தது. செஞ்சியை ஆண்ட கோபணாரியனின் முயற்சியால் 1371ஆம் ஆண்டில்தான் நம்பெருமாள் திருவரங்கம் திரும்பினார். இடைப்பட்ட 48 ஆண்டுகளின் மார்கழிகள் உற்சவர் இன்றியே கழிந்தன. இன்று வாசல் திறக்கும் வேளையில் எழும் ஆரவாரத்தின் பின்னே, ஒரு தலைமுறையையே கடந்த காத்திருப்பு உள்ளது.

ஏகாதசி சந்திரனைக் கொண்டும் மார்கழி சூரியனைக் கொண்டும் அமைவதால், ஒரே ஆங்கில ஆண்டில் இருமுறை வைகுண்ட ஏகாதசி வருவதும், ஓராண்டில் வாராதிருப்பதும் உண்டு. 2023ஆம் ஆண்டில் ஜனவரியிலும் டிசம்பரிலும் வந்த ஏகாதசி, 2024ஆம் ஆண்டில் வரவில்லை. 2025ஆம் ஆண்டில் மீண்டும் இருமுறை வந்தது. திருவரங்கத்தில் சில ஆண்டுகளில் இது கார்த்திகையிலேயே கொண்டாடப்படும். 2021 டிசம்பர் 14 அன்று அவ்வாறு நிகழ்ந்தது.

கடல் கடந்த பாவை

தாய்லாந்து நாட்டில் திரியம்பாவை, திரிபாவை என்னும் பெயர்களில் அரசவை அந்தணர் ஒரு விழாவினை நடத்தி வந்துள்ளனர். திருவெம்பாவை, திருப்பாவை என்னும் பெயர்களே இவ்வாறு திரிந்தன என்பர். கிரந்த எழுத்தில் எழுதிவைத்த தமிழ்ப் பாடல்களைப் பொருள் அறியாமலே அவர்கள் தலைமுறை தலைமுறையாக ஓதி வந்தனர். இவ்விழாவிற்கென 1784ஆம் ஆண்டில் பாங்காக்கில் பேரூஞ்சல் ஒன்று நிறுவப்பட்டது. 1935ஆம் ஆண்டில் ஊஞ்சல் ஆடுவது நிறுத்தப்பட்டதாயினும், செந்நிறத் தேக்குத் தூண்கள் 2007ஆம் ஆண்டில் புதுப்பிக்கப்பெற்று நிற்கின்றன. மொழி மறந்த இடத்திலும் பாவை மறக்கப்படவில்லை.

மார்கழி கண்ட நிகழ்வுகள்

தொண்டரடிப்பொடியாழ்வார் அவதரித்தது மார்கழிக் கேட்டை. மனத்திலேயே கோயில் கட்டி வழிபட்ட வாயிலார் நாயனாரின் குருபூசை மார்கழி ரேவதி. பகவான் இரமண மகரிஷி திருச்சுழியில் 1879 டிசம்பர் 30 அன்று, ஆருத்ரா தரிசன இரவில் தோன்றினார். அனுமத் ஜெயந்தியும் இம்மாதத்தில் அமைகின்றது. சுசீந்திரத்திலும் நாமக்கல்லிலும் பதினெட்டடி உயர ஆஞ்சநேயரைத் தரிசிக்க அடியார்கள் திரள்கின்றனர்.

சென்னையில் 1927 டிசம்பரில் நடைபெற்ற இசை மாநாட்டின் விளைவாக 1928ஆம் ஆண்டில் மியூசிக் அகாதமி தோன்றியது; மார்கழி இசை விழாக்கள் பெருகின. மயிலையின் மாடவீதிகளில் பாபநாசம் சிவன் நடத்திய மார்கழி பஜனை பலரையும் ஈர்த்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் காஞ்சி மகாசுவாமிகள் திருப்பாவை, திருவெம்பாவை மாநாடுகளை ஊக்குவித்து, இரு பாவைகளையும் ஒருசேர ஓதும் வழக்கத்தை ஊர்தோறும் பரப்பினார்.

துயரங்களையும் இம்மாதம் கண்டதுண்டு. 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. 2004 டிசம்பர் 26, மார்கழிப் பௌர்ணமி நாளின் காலையில் ஆழிப்பேரலை எழுந்து, தமிழகத்தில் மட்டும் ஏறத்தாழ 8,000 உயிர்களைக் கொண்டுசென்றது. இத்தகைய நிகழ்வுகளைச் சுட்டி மாதத்தைப் பழிப்பார் உளர். கடலும் காற்றும் மாதப் பெயரை நோக்கி எழுவதில்லை. துன்பம் நேராத மாதமென ஒன்றும் இல்லை. உறவை இழந்தோர் தம் துயரோடு, ஆகாத மாதம் என்னும் அச்சத்தையும் சுமக்க வேண்டியதில்லை. அவர்கள் கைகளைப் பற்றி நிற்பதும் ஆண்டாள் விதித்த கொடையைச் சார்ந்ததே.

நோன்பின் பயன்

முப்பது பாடல்களையும் முழுமையாக ஓத இயலாதோர் அன்றைய நாளுக்குரிய ஒரு பாடலையேனும் பொருளுணர்ந்து ஓதலாம். நோயுற்றோரும் முதியோரும் குளிர்நீராட்டை வற்புறுத்திக்கொள்ளாது, இல்லத்திலிருந்தே வழிபடலாம். ஒரு சொல் கோள் பேசாது ஒரு நாளைக் கழித்தாலும், ஓர் ஏழைக்கு ஒரு வேளை உணவளித்தாலும் அது மார்கழி நோன்பே. உறங்கும் அண்டை வீட்டாரை அன்புடன் எழுப்பித் திருக்கோயிலுக்கு அழைத்து வருவதும் அந்நோன்பின் பகுதியே.

பீடுடைய இம்மாதத்தின் பெருமையுணர்ந்து, அச்சம் நீங்கி, வைகறைதோறும் அரியையும் அரனையும் பாடிப் பரவும் அடியார்கள், எல்லா நலமும் பெற்று இனிது வாழ்வார்களாக.